இல்லை என்று சொல்லத் தெரியாதவர்

எங்கள் தேர்வுப் பிரிவு சூப்பிரண்டு சார் வாயிலிருந்து ‘முடியாது’ என்ற வார்த்தை வந்து நான் கேட்டது ஒரே ஒரு தடவைதான். அதையும் கொஞ்ச நேரத்தில் அவரே திரும்ப வாங்கிக்கொண்டார்.

கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு கலைக் கல்லூரி. தொண்ணூறுகளின் கடைசியில் அங்கே தற்காலிகத் தட்டச்சராகச் சேர்ந்தேன். தேர்வுப் பிரிவு என்று பெரிதாகப் பலகை மாட்டியிருந்தாலும் அது ஒரு சின்ன அறை, இரண்டு மேசை, ஒரு மின்விசிறி, அவ்வளவுதான். கதவைப் பார்த்த மேசை அவருடையது. சன்னலோர மேசை என்னுடையது. மாணவர்கள் அவருக்குப் ‘பாப்போம் சார்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். எனக்கு வைத்த பெயரை இங்கே எழுதுவதற்கில்லை. என்னிடம் வந்து கேட்டால் விதியில் என்ன இருக்கிறதோ அதைப் பட்டென்று சொல்லிவிடுவேன். அவரிடம் கேட்டால் ‘பாப்போம்’ என்பார். இரண்டு பேரில் யாரைப் பிடிக்கும் என்று கேட்கவா வேண்டும்?

அந்தப் பாப்போமை அவர் சொல்கிற விதமே தனி. ஒரு பையன் கண்ணைக் கசக்கிக்கொண்டு கதவோரம் வந்து நின்றால் எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடி வைத்துவிடுவார். பக்கத்தில் கிடக்கும் நாற்காலியில் இருக்கிற விடைத்தாள் கட்டைத் தூக்கிக் கீழே வைப்பார். “நிக்காத, உக்காரு. எந்த ஊரு? எந்த பஸ்ஸுக்கு வந்த? சாப்பிட்டியா?” வரிசை மாறாமல் கேட்பார். மூன்றாவது கேள்வி வருவதற்குள் பாதி அழுகை நின்றிருக்கும். அப்புறம் முழுக் கதையையும் கேட்பார். நடுவில் குறுக்கிட மாட்டார். வந்தவன் சொன்னதையே திரும்பச் சொன்னாலும் முதல் தடவை கேட்கிற மாதிரி தலையை ஆட்டுவார். கடைசியில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, “சரி, மனசப் போட்டு அலட்டிக்காத. பாப்போம்,” என்பார். வந்தவன் தெம்பாக எழுந்து போவான். அந்த முதுகைப் பார்த்து நான் பல்லைக் கடிப்பேன்.

ஏனென்றால் பதில் என்ன என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தேர்வன்று என்ன இடி விழுந்தாலும் பல்கலைக்கழகத்துக்கு ஒரே ஒரு கஷ்டம்தான் கஷ்டம். ஆஸ்பத்திரியில் படுத்திருக்க வேண்டும், டாக்டர் சீல் வைத்துக் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். மற்றதெல்லாம் அவர்கள் கணக்கில் கஷ்டமே இல்லை. ஆண்டிபட்டிப் பக்கத்து நெசவுக்காரர் வீட்டுப் பையன் ஒருவனுக்குத் தேர்வு நாள் காலையில் அப்பா இறந்துவிட்டார். கொள்ளிச் சட்டியை இறக்கி வைத்த கையோடு ஹாலுக்கு ஓடி வந்தான். அரை மணி நேரத்துக்கு மேல் தாமதம் என்று உள்ளே விடவில்லை. இன்னொரு வருடம் மலைப்பாதையில் மண் சரிந்து குமுளியிலிருந்து வந்த பஸ் பாதியில் நின்றுவிட்டது. அதில் இருந்த பையன் டிக்கெட்டை மடங்காமல் பத்திரமாகக் கொண்டுவந்து காட்டினான். மண் சரிந்ததற்கு எந்த டாக்டர் சீல் வைப்பார்? இரண்டு பேருக்கும் நான் சொன்னது, “அடுத்த நவம்பர்ல எழுதிக்கோ தம்பி.” இரண்டு பேருக்கும் அவர் சொன்னது, “பாப்போம்.”

அவரை ஏமாற்றுக்காரர் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. நினைத்தால் எனக்குக் கோபம் வரும். பாப்போம் என்று சொன்ன வாய்க்காக அந்த மனிதர் அலைந்த அலைச்சல் கொஞ்சமா? தன் விடுப்பை எடுத்துக்கொண்டு முதல் பஸ் பிடித்து மதுரைக்குப் போவார். பல்கலைக்கழகத்தில் ஒவ்வொரு செக்‌ஷனாக ஏறி இறங்குவார். அவரைவிட வயதில் பாதி இருக்கிறவர்கள் உட்கார்ந்துகொண்டு பேச, இவர் நின்றுகொண்டு கேட்டுவிட்டு வருவார். மறுநாள் நான், “என்ன சார் ஆச்சு?” என்றால், “காதுல போட்டு வச்சிருக்கேன்மா,” என்பார். அந்த அதிகாரிகளின் காதுகளில் அவர் எத்தனை பேரைப் போட்டு வைத்திருந்தாரோ, ஒருவருக்குக்கூட அங்கிருந்து ஒரு நல்ல பதில் வந்ததாக எனக்கு நினைவில்லை.

வீட்டிலும் இதே கதைதான். அவர் வீட்டம்மா ஒருநாள் சாப்பாட்டுக் கூடையோடு கல்லூரிக்கு வந்தவர்கள் என்னிடம் ஒரு பாட்டம் புலம்பித் தீர்த்தார்கள். மூத்த மகளைப் பெண் கேட்டு ஆண்டிபட்டியிலிருந்து ஒரு குடும்பம் வந்ததாம். பையன் குடிகாரன் என்று ஊரே சொல்கிறது. சார் அவர்களுக்கு வெற்றிலை பாக்கு வைத்து, “பாப்போம்ங்க,” என்று சொல்லி அனுப்பிவிட்டார். அவர்கள் மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுக்கப் போய்விட்டார்கள். “நாந்தான்மா பஸ் ஏறிப் போயி, அந்த வீட்டு வாசல்ல நின்னு, எங்களுக்குச் சம்மதம் இல்லைன்னு சொல்லிட்டு வந்தேன். என்ன பேச்செல்லாம் கேட்டேன் தெரியுமா? இவுக நல்லவுக, நான் பொல்லாதவ!” என்றார்கள். சார் தூக்குச்சட்டியைத் திறந்துகொண்டே சிரித்தார். அன்றிலிருந்து அந்தம்மாவும் நானும் ஒரு கட்சி.

நானே அவரிடம் ஒருமுறை கேட்டிருக்கிறேன். “தெரிஞ்சுக்கிட்டே ஏன் சார் ஆசை காட்டுறீங்க?”

“மூஞ்சியப் பாத்துக்கிட்டு எப்படிம்மா இல்லைன்னு சொல்றது? வெளிய போற வரைக்குமாவது நல்லா இருந்துட்டுப் போகட்டும்.”

“வெளியே போன பிறகு?”

அவர் டீக்காரனை ஏன் இன்னும் காணோம் என்று எழுந்து போய்விட்டார்.

பெரும்பாலும் இதனால் பெரிய நஷ்டம் வந்ததில்லை. அப்பாவை இழந்த அந்த ஆண்டிபட்டிப் பையனை அவனுடைய சித்தப்பா அதட்டி நவம்பரில் எழுத வைத்துவிட்டார். மற்றவர்களும் கொஞ்ச நாள் காத்திருந்துவிட்டு, சலித்துப்போய், அவரவர் வழியைப் பார்த்துக்கொண்டார்கள். அவரை முழுசாக நம்பிய ஆள் ஒருத்திதான்.

கூடலூர்ப் பெண். பி.எஸ்சி. கணக்கு, கடைசி வருடம். அப்பா இல்லை. அம்மா ஏலத்தோட்டத்துக்குக் கூலிக்குப் போகிறவர். இவளுக்குக் கீழே இன்னும் இரண்டு சின்னப் பிள்ளைகள். டிகிரி முடித்தால் ஊரிலேயே ஒரு நர்சரிப் பள்ளியில் டீச்சராக எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள். முடிக்காவிட்டால் அம்மாவோடு தோட்டத்துக்குப் போவதைத் தவிர வேறு எதுவும் இல்லை. நன்றாகப் படிக்கிற பெண். ஏப்ரல் தேர்வில் கடைசி இரண்டு பேப்பர் பாக்கி இருக்கும்போது அவளுக்கு அம்மை போட்டுவிட்டது.

எங்கள் பக்கம் அம்மையை நோய் என்று சொல்ல மாட்டார்கள். ஆத்தா வந்திருக்கிறாள் என்பார்கள். வாசலில் வேப்பிலை செருகிவிட்டால் அந்த வீட்டிலிருந்து யாரும் வெளியே போகக் கூடாது, யாரும் உள்ளே வரக் கூடாது. அடுப்பில் தாளிக்கக் கூடாது. மருந்து மாத்திரை பக்கமே போகக் கூடாது. முத்து இறங்கி, தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகுதான் வெளியே நடமாட்டம். இவளுக்குத் தலைக்கு ஊற்றும்போது தேர்வு முடிந்து விடைத்தாள்கள் மதுரைக்குப் போயிருந்தன.

வீரபாண்டி அம்மன் திருவிழா முடிந்த வாரத்தில் அம்மாவும் மகளும் வந்தார்கள். அம்மா கை நிறைய மஞ்சள் கயிறும் நெற்றி நிறையத் திருநீறுமாக இருந்தார். மகளுக்காக அக்கினிச்சட்டி எடுத்துவிட்டு வந்திருந்தார். சார் வழக்கம்போல உட்கார வைத்து, ஊர் கேட்டு, பஸ் கேட்டு, சாப்பாடு கேட்டார்.

“ஐயா, எங்க வீட்டுக்கு ஆத்தா வந்துட்டா. இவள எப்படி நான் பரிச்சைக்கு அனுப்புவேன்? நீங்களே சொல்லுங்க,” என்றார் அந்த அம்மா.

இறுதியாண்டில் ஓரிரு பேப்பர் விட்டவர்களுக்கு ஜூனில் ஒரு துணைத்தேர்வு உண்டு. ஆனால் தேர்வுக்கே வராதவர்கள் அதை எழுத வேண்டுமானால் மருத்துவச் சான்றிதழ் வேண்டும். அதனால் நான் கேட்டேன். “ஆஸ்பத்திரிச் சீட்டு இருக்கா?”

கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்ட மாதிரி அந்த அம்மா என்னைப் பார்த்தார். “ஆத்தா வந்த வீட்டுக்கு ஆஸ்பத்திரி எதுக்கு?”

அதுவரை வாய் திறக்காத பெண் முக்காட்டை எடுத்தாள். கன்னம், நெற்றி, கழுத்து எங்கும் கறுப்புக் கறுப்பாகத் தழும்பு. “மூஞ்சியப் பாருங்க சார். இதவிட என்ன சீட்டு வேணும்?” என்றாள்.

சார் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்ணையும் துடைத்தார். அந்தத் தழும்புகளை யார் மதுரைக்குக் கொண்டுபோய் எந்த மேசையில் வைப்பது?

இந்த ஒரு விஷயத்தில் அவர் நிஜமாகவே வழி கண்டுபிடித்தார். டவுனில் அவருக்குத் தெரிந்த டாக்டர் ஒருவர் இருந்தார். அவர் இந்தப் பெண்ணைப் பார்த்துவிட்டு, “அம்மை வந்துட்டுப் போனது கண்ணால தெரியுது. நான் பாத்து மருந்து குடுத்ததா எழுதித் தர்றேன். பெத்தவங்க ஆமான்னு கையெழுத்துப் போட்டாப் போதும்,” என்று சொல்லிவிட்டார். நேர்மையா என்றால், நேர்மை இல்லைதான். ஆனால் பெண்ணுக்கு வந்தது பொய்யில்லையே. சார் அன்று காலையில் அறைக்குள் நுழைந்த நடையே வேறாக இருந்தது. முதல் தடவையாக ஒரு பாப்போம் பலிக்கப் போகிறது.

அம்மாவையும் மகளையும் வரச் சொன்னார். டாக்டர் எழுதிக் கொடுத்ததைப் படித்துக் காட்டினார். அம்மாவுக்கு எழுதத் தெரியாது என்பதால் மைப்பெட்டியைத் திறந்து வைத்தார்.

அந்த அம்மா கையை நீட்டிவிட்டு நிறுத்தினார். “மருந்து குடுத்தோம்னா போட்டிருக்கு?”

“சும்மா எழுத்துக்குத்தான் தாயி.”

“எழுத்துக்குன்னாலும் அவ பாத்துக்கிட்டுத்தானய்யா இருக்கா. ஆத்தா வந்தத சீக்குன்னு சொல்லி, அவளுக்கு மருந்தும் குடுத்தேன்னு நான் கைநாட்டு வைக்கணுமா? இந்தக் கையாலதான சட்டி எடுத்தேன்? வீட்டுல இன்னும் ரெண்டு சின்னதுக இருக்குய்யா. நாளைக்கு அதுக மேல வந்து இறங்கினா நான் எங்கன போயி விழுவேன்?”

“அம்மா, வைம்மா,” என்றாள் மகள், மெதுவாக.

“நீ இப்ப உக்காந்து பேசுறதே அவ போட்ட பிச்சடி.”

அந்த அம்மாவின் கட்டைவிரல் மைப்பெட்டிக்கு மேலே அப்படியே நின்றது. அவர் சார் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அன்றும் அதைத்தான் நினைத்தேன், இன்றும் அதைத்தான் நினைக்கிறேன். அந்த அம்மா யாராவது தன்னை அதட்ட மாட்டார்களா என்று காத்திருந்தார். ‘வேற வழியே கிடையாது தாயி, இதுல வச்சாத்தான் உம்மக டிகிரி வாங்குவா, பாவம் வந்தா எம்மேல வரட்டும்’ என்று சார் ஒரு குரல் கொடுத்திருந்தால் அந்த விரல் இறங்கியிருக்கும். படித்தவர் சொன்னார், வைத்தேன் என்று ஆத்தாவிடம் சொல்லிக்கொள்ள அந்த அம்மாவுக்கும் ஒரு சாக்கு இருந்திருக்கும்.

சார் மைப்பெட்டியை மூடினார். “மனசுக்கு ஒப்பாததச் செய்ய வேணாம் தாயி. வேற வழி பாப்போம்.”

எனக்கு வந்ததே கோபம். “வேற வழி எதுவும் கிடையாதும்மா,” என்று எழுந்தே சொன்னேன். “இந்தத் துணைத்தேர்வ விட்டா நவம்பர்தான். அதையும் விட்டா பாடத்திட்டமே மாறி, அப்புறம் எழுதவே முடியாது.”

அந்த அம்மா என்னைப் பார்த்தார், பிறகு சாரைப் பார்த்தார். அவர் சமாதானமாகச் சிரித்தார். “அது சின்னப் புள்ள, அப்படித்தான் பேசும். நீங்க போயிட்டு வாங்க.”

அவர்கள் போனார்கள். வந்தபோது இருந்ததைவிட அந்த அம்மாவின் முகம் தெளிவாக இருந்தது. மகள்தான் வாசல் வரை போய் ஒருமுறை மேசையைத் திரும்பிப் பார்த்தாள்.

அதற்குப் பிறகு அவர் மதுரைக்கு நடையாக நடந்தார். அம்மை வந்தவளுக்கென்று தனியாக, ஸ்பெஷலாக, ஒரு தேர்வு வாங்கித் தந்துவிட வேண்டுமாம். ஒருவருக்கு மட்டும் தனித்தேர்வு என்ற வழக்கமே பல்கலைக்கழகத்தில் கிடையாது. ஒருநாள் அங்கிருந்து போனில் பேசியவர் என்னிடமே சலித்துக்கொண்டார். “உங்க சூப்பிரண்டுக்கு எத்தனை தடவைம்மா சொல்றது? அவர் வந்தா எங்களுக்கே பாவமா இருக்கு. வர வேணாம்னு சொல்லுங்க.” அதை அப்படியே சாரிடம் சொன்னேன். “பாவமா இருக்குன்னு சொன்னாங்கல்ல? அப்ப கொஞ்சம் இளகியிருக்காங்க,” என்றார் அவர். இந்த மனிதரை என்ன செய்வது?

அந்தப் பெண் வாரம் தவறாமல் சனிக்கிழமை வருவாள். கூடலூரிலிருந்து பஸ் ஏறி வந்து, நாற்காலி நுனியில் உட்காருவாள். சார் மதுரைக் கதையைச் சொல்வார். யாரைப் பார்த்தார், அவர் என்ன சொன்னார், அடுத்து யாரைப் பார்க்கச் சொன்னார் என்று ஒன்று விடாமல் சொல்வார். அதில் ஒரு வார்த்தை பொய் இருக்காது. ‘முடியாது’ என்று அவர்கள் சொன்னதை மட்டும் விட்டுவிடுவார். அவள் கேட்டுக்கொண்டே இருப்பாள். போகும்போது முகம் மலர்ந்திருக்கும். தழும்பு மங்கிக்கொண்டே வந்தது. ஜூன் போய்விட்டது. நர்சரிப் பள்ளிக்காரர்கள் இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள்.

நவம்பர் தேர்வுக்குப் பணம் கட்டும் நாள் வந்தது. பழைய பாடத்தில் எழுத அதுதான் கடைசி வாய்ப்பு. அறிவிப்பை அடித்துப் பலகையில் ஒட்டியதே நான்தான். சனிக்கிழமை அவள் வந்ததும் வராந்தாவிலேயே நிறுத்திச் சொன்னேன்.

“இங்க பாரு, பேசாம நவம்பருக்குக் கட்டிரு. இத விட்டா உனக்கு ஒண்ணும் இல்ல.”

“சார் ஸ்பெஷலா வாங்கித் தர்றேன்னு சொல்லியிருக்காகளேக்கா.”

“வாங்கித் தர்றேன்னா சொன்னாரு? பாப்போம்னுதான சொன்னாரு?”

“அவுக சொன்னாச் செய்வாகக்கா. நீங்கதான் எப்பப் பாத்தாலும் இப்படியே பேசுறீக.”

விடவில்லை. கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய் அவர் முன்னால் நிறுத்தினேன். “சார், நவம்பருக்குக் கட்டவான்னு கேக்குறா. நீங்களே சொல்லுங்க.”

அவள் தயங்கித் தயங்கிக் கேட்டாள். “கட்டிட்டா ஸ்பெஷல் குடுக்க மாட்டாகளோ சார்?”

கட்டு என்று சொன்னால் இத்தனை மாதமும் ஒன்றும் நடக்கவில்லை என்று சொன்னதாகிவிடும். அவள் முகம் அதற்குப் பயந்துகொண்டிருந்தது அவருக்குத் தெரிந்தது. எனக்கே தெரிந்தது. அவர் பேனாவின் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார்.

“கட்டணும்னா கட்டலாம்,” என்றார். “அவசரமில்ல. செவ்வாக்கிழமை மதுரைக்குப் போறேன்ல. போயிட்டு வந்துர்றேன். பாப்போம்.”

கட்ட வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. அவள் காதில் அப்படித்தான் விழுந்தது. செவ்வாய்க்கிழமை அவர் போனார், வந்தார். அந்த வாரம் முழுக்க மழை கொட்டியது. சனிக்கிழமை அவள் வரவில்லை. அதற்கு அடுத்த சனிக்கிழமை வந்தபோது தேதி முடிந்து, அபராதத்தோடு கட்டுகிற நாளும் முடிந்திருந்தது.

அவள் கட்டவில்லை என்பது நான் சொல்லித்தான் அவருக்கே தெரியும். “நீ சொல்லியிருப்ப, கட்டியிருப்பான்னு நெனச்சேன்மா,” என்றார். திங்கட்கிழமை விடிந்ததும் மதுரைக்கு ஓடினார். நேரம் கடந்த பிறகு யார் வாங்குவார்கள்? திரும்பி வந்து பையைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார்.

“நான் அந்தப் புள்ளகிட்ட என்னம்மா சொன்னேன்? கட்டாதன்னா சொன்னேன்?”

“கட்டுன்னும் சொல்லல சார்,” என்றேன். அதைவிட மெதுவாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அவள் அதற்குப் பிறகு வரவில்லை. சண்டை போடவும் வரவில்லை. அம்மாவையாவது அனுப்பி நாலு வார்த்தை கேட்டிருந்தால் அவருக்கே ஆறுதலாக இருந்திருக்கும். பாடத்திட்டம் மாறியது, அவள் டிகிரி அப்படியே நின்றுபோனது. பள்ளிக்கூடக்காரர்கள் வேறு ஆளைப் போட்டுக்கொண்டார்கள்.

அந்த மாதம்தான் நான் முதலில் சொன்ன ‘முடியாது’ நடந்தது. சின்னமனூர்ப் பையன் ஒருவன் வருகைப்பதிவு குறைவு என்று வந்து நின்றான். நெல் அறுவடைக்கு ஆள் இல்லாமல் வீட்டில் நிறுத்திவிட்டார்களாம். சார் நாற்காலியை இழுத்துப் போடவில்லை. சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, “முடியாதுப்பா,” என்றார். பையன் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டான். பாராட்டலாம் என்று நான் வாயெடுப்பதற்குள் சார் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினார். கேன்டீன் பக்கம் பையனைப் பிடித்து, டீ வாங்கிக் கொடுத்து, ஏதேதோ பேசி, தோளைத் தட்டி அனுப்பிவிட்டுத் திரும்பி வந்தார். என்ன சொன்னீர்கள் என்று நான் கேட்கவில்லை. வந்து உட்கார்ந்த பிறகு அவருக்கு மூச்சு ஒழுங்காக வந்தது. அப்போதுதான் எனக்குப் புரிந்தது, மற்றவர்கள் அழாமல் போவது அவருக்குச் சோறு தண்ணீர் மாதிரி வேண்டியிருந்தது. அந்த ஆளை நான் வெறுத்திருக்க வேண்டும். என்னால் முடியவில்லை.

சில வருடங்கள் கழித்து, நான் நிரந்தரமாகிவிட்ட பிறகு, கூடலூரில் எங்கள் அலுவலக உதவியாளர் வீட்டுக் கல்யாணம். நானும் சாரும் சாப்பிட்டுவிட்டு பஸ்ஸுக்கு நின்றோம். சாயங்காலம். குமுளிப் பக்கமிருந்து தோட்டத்து ஜீப்புகள் இறங்கிக்கொண்டிருந்தன. ஒரு ஜீப் எங்களைத் தாண்டிப் போய் நின்றது. பின்னாலிருந்து ஒருத்தி குதித்து, “சார்!” என்று கூப்பிட்டுக்கொண்டே ஓடி வந்தாள். தலையில் துண்டு, சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை. கிட்ட வந்த பிறகுதான் அடையாளம் தெரிந்தது. கன்னத்தில் தழும்பு இரண்டு மூன்று நிலைத்துவிட்டிருந்தது.

“நல்லா இருக்கியாம்மா?” என்றார் சார்.

“இருக்கேன் சார். நீங்க எளச்சுப் போயிட்டீகளே?” என்றவள் ஜீப்பைத் திரும்பிப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள். “ஏய், இங்கன பாருங்கடி, நான் சொல்லுவேன்ல, இவுகதான் எங்க சார். எம் பரிச்சைக்காக மதுரைக்கு நடையா நடந்தாக. சொந்தபந்தத்துல ஒரு ஆளு எனக்காக அப்படி அலையல.”

ஜீப்பில் இருந்த பெண்கள் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். வயதான ஒருத்தி அவரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். எங்கள் முன்னால் நின்றவள் என் பக்கம் திரும்பினாள். “அக்காவும் வந்திருக்காகளா? அக்கா அன்னைக்கே கெடைக்காதுன்னாக. உங்க வாய் முகூர்த்தம் பலிச்சிருச்சுக்கா,” என்று சிரித்தாள். சிரிப்பில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“நான் ஒண்ணும் பண்ணலியேம்மா,” என்றார் சார்.

“நீங்க என்ன சார் பண்ணுவீக? எந்தலையெழுத்து. அத விடுங்க. எந்தங்கச்சி நம்ம காலேஜ்லதான் சேந்திருக்கா, இந்த வருசம். கணக்குதான் எடுத்திருக்கா. என்ன கஷ்டம்னாலும் ஆபீசுல வேற யார்கிட்டயும் போயி நிக்காத, நேராப் போயி சாரப் பாருன்னு சொல்லி விட்டிருக்கேன்.”

அவருக்கு அடுத்த மாதத்தோடு ஓய்வு. வழியனுப்பு விழாவுக்கு மாலைக்குச் சொல்லியாகிவிட்டது. அதையாவது இவர் சொல்ல வேண்டும் என்று நான் அவர் முழங்கையைத் தொட்டேன். “சார், சொல்லுங்க சார்.” ஜீப்காரன் ஆரன் அடித்தான். அவள் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்து நின்றாள்.

“வரச் சொல்லும்மா,” என்றார் சார்.

அவள் சட்டென்று குனிந்து அவர் காலைத் தொட்டுவிட்டு ஓடினாள். பெண்கள் கை கொடுத்து அவளை உள்ளே இழுத்துக்கொண்டார்கள். ஜீப் போன பிறகும் அவர் அதே பக்கம் பார்த்து நின்றுகொண்டிருந்தார். எங்கள் பஸ் வந்தது. அவரை ஏற்றி உட்கார வைத்துவிட்டு நானும் உட்கார்ந்தேன். எனக்கு அந்தத் தங்கச்சியின் முகம்கூடத் தெரியாது. என்றைக்கோ ஒருநாள் ஏதோ ஒரு கஷ்டத்தோடு அவள் அந்தக் கதவைத் தள்ளிக்கொண்டு சாரைத் தேடி வருவாள். அப்போது அறைக்குள் நான் மட்டும்தான் இருப்பேன்.